பாக்டீரியா வளர்த்தெடுக்கும் செல்

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அந்த மஞ்சள், ரிபோஃப்ளேவின் எனப்படும் வைட்டமின் பி2-இன் நிறம். உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. இந்த வைட்டமினை நாம் உணவிலிருந்துதான் பெற்றாக வேண்டும். அதைத் தயாரிக்க நம் செல்களுக்குத் தெரியாது. மனிதனுக்கு மட்டுமல்ல, விலங்குகள் எவற்றுக்குமே தெரியாது. செடிகொடிகளுக்குத் தெரியும், ஈஸ்ட்டுக்குத் தெரியும், பாக்டீரியாக்கள் பலவற்றுக்கும் தெரியும்.

ஆகவே உடலுக்குள் எங்காவது ரிபோஃப்ளேவின் புதிதாகத் தயாராகும் தடயம் தென்பட்டால், அது நம் செல்லின் வேலையாக இருக்க முடியாது. அங்கே ஒரு நுண்ணுயிர் உயிரோடு இயங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இந்த ஒரே தடயத்தைத் தேடுவதற்கென்றே நம் உடலில் ஒரு வகை வெள்ளையணு இருக்கிறது. மெய்ட் செல் என்பது அதன் பெயர். வயதுவந்த ஒருவரின் இரத்தத்தில் உள்ள டி செல் என்னும் வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை இவை. கல்லீரலில் இன்னும் அதிகம். அங்குள்ள டி செல்களில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் மெய்ட் செல்களாக இருப்பவர்கள் உண்டு. இவ்வளவு பெரிய கூட்டம் நமக்குள் இருப்பதே கடந்த முப்பது ஆண்டுகளில்தான் தெரியவந்தது. அந்தச் செல் பிறந்து, வளர்ந்து, ஊர் போய்ச் சேர்ந்த வழியை இங்கே சொல்லப் போகிறேன்.

எல்லா இரத்த அணுக்களையும் போல இதற்கும் மூலம் எலும்பு மஜ்ஜை. அங்கே பிறந்த முன்னோடிச் செல் ஒன்று இரத்தத்தில் கலந்து மார்புக்கூட்டுக்கு வருகிறது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, இரண்டு மடல்களாக ஒட்டிக்கிடக்கும் தைமஸ் சுரப்பிக்குள் நுழைகிறது. பிறந்த குழந்தையின் உடல் அளவோடு ஒப்பிட்டால் தைமஸ் மிகப் பெரியது. இதயத்தில் குறையோடு பிறந்த குழந்தைக்கு மார்பைத் திறக்கும் அறுவை மருத்துவரின் கண்ணில் இதயத்துக்கு முன்பாகப் படுவது இதுதான். வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில், மெத்தென்று, இதயப் பையின் மேல் போர்த்திக்கிடக்கும். வழியை மறைப்பதால் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிடுவது நெடுநாள் வழக்கம். மனிதத் தைமஸைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு அப்படி எடுக்கப்பட்ட துண்டுகளிலிருந்து கிடைத்ததுதான். பருவ வயதுக்குப் பிறகு சுரப்பி சுருங்கிக்கொண்டே வரும். முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும்.

சுருங்கிப்போகும் உறுப்பு என்பதால் அதற்கு மதிப்பு இருக்கவில்லை. 1961-இல்தான் நிலைமை மாறியது. பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் படித்த ஜாக் மில்லர் அப்போது லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறந்தவுடனேயே தைமஸ் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் சில வாரங்களில் மெலிந்து, தொற்று கண்டு செத்தன. அவற்றின் இரத்தத்தில் லிம்போசைட்டுகள் மிகக் குறைந்திருந்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டவைத்தால்கூட அவை மறுப்பே காட்டாமல் ஏற்றுக்கொண்டன. நோயெதிர்ப்பின் பிறப்பிடம் தைமஸ் என்று மில்லர் எழுதியபோது உடனே நம்பியவர்கள் குறைவு. நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர் போன்றவர்களே தயங்கினார்கள். இன்றும்கூட, வயதுவந்தவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை என்ற நினைப்பு முழுமையாகப் போய்விடவில்லை. 2023-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்று அதற்குச் சரியான பதில். தைமஸ் நீக்கப்பட்ட வயதுவந்தவர்களில் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், அதே போன்ற மார்பு அறுவை நடந்தும் தைமஸை இழக்காதவர்களில் 2.8 சதவீதம்.

தைமஸுக்குள் நுழையும் முன்னோடிச் செல்லுக்கு எதிர்காலம் என்று எதுவும் தீர்மானமாகவில்லை. உள்ளே உள்ள எபிதீலியச் செல்கள் தரும் சமிக்ஞை, அதை டி செல் பாதையில் திருப்புகிறது. அதன்பின் நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. செல் தன் மரபணுவைத் தானே வெட்டிக்கொள்கிறது. ராக்1, ராக்2 என்னும் இரண்டு புரதங்கள் டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் அறுக்கின்றன. நடுவில் உள்ளது வீசப்பட, முனைகளைச் செல்லின் வேறு புரதங்கள் ஒட்டுகின்றன. எந்தத் துண்டோடு எந்தத் துண்டு சேரும் என்பது பெரும்பாலும் தற்செயல். இப்படிச் சேர்ந்து உருவாகும் மரபணுதான் அந்தச் செல் பிற பொருள்களைத் தொட்டறியும் ஏற்பி எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. முதலில் ஏற்பியின் பீட்டா சங்கிலி. அது சரியாக அமைந்தால் செல் பலமுறை பெருகும். பிறகு ஆல்பா சங்கிலி.

நம் கதை திரும்புவது இந்த ஆல்பா சங்கிலியில்தான். மனிதரில் இதற்கான மரபணுப் பகுதி 14-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 'வி' துண்டுகள் நாற்பதுக்கும் மேல் வரிசையாக. அவற்றைத் தாண்டி 'ஜே' துண்டுகள் ஐம்பதுக்கும் மேல் வரிசையாக. ஒரு 'வி'யும் ஒரு 'ஜே'யும் சேர வேண்டும். முதல் முயற்சிகளில் அருகருகே உள்ளவை சேரும். அப்படி உருவான ஏற்பி பயன்படவில்லை என்றால், செல் உயிரோடு இருக்கும்வரை இன்னும் தள்ளியுள்ள துண்டுகளை எடுத்து மறுபடி முயலும். இந்த நிலையில் உள்ள செல்லின் ஆயுள் மூன்று நான்கு நாட்கள்தான். அதற்குள் எந்த அழைப்பும் வராவிட்டால் சாவு. தைமஸுக்குள் உருவாகும் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை வெளியுலகைப் பார்க்காமலே மடிகின்றன.

மெய்ட் செல்லின் அடையாளம் 'டிஆர்ஏவி1-2' என்ற துண்டு. வரிசையின் தொலைமுனையில் கிடப்பது அது. முயன்று முயன்று அந்தக் கோடிவரை போன செல் ஒன்றில் அது பெரும்பாலும் 33-ஆம் 'ஜே' துண்டோடு சேர்கிறது. சேரும் இடத்தில் டைரோசின் என்னும் அமினோ அமிலம் ஒன்று அமைகிறது. கோடானுகோடி விதமாக அமையக்கூடிய டி செல் ஏற்பிகளுக்கு நடுவே இந்த ஒரே அமைப்பு உங்களிடமும் என்னிடமும் உண்டு. சிறு மாறுதல்களோடு எலியிலும் மாட்டிலும் உண்டு. பாலூட்டிகளின் நெடிய பரிணாமத்தில் இதைக் கைவிடாமல் வைத்திருக்கிறது இயற்கை. அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும் என்று ஆய்வாளர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

வழக்கமான டி செல்லுக்கு நடப்பது வேறு. தைமஸின் புறப்பகுதியில் உள்ள எபிதீலியச் செல்கள் எச்எல்ஏ மூலக்கூறுகளில் நம் சொந்தப் புரதத் துணுக்குகளை ஏந்தி நிற்கும். அவற்றை மெலிதாகத் தொடும் ஏற்பியுள்ள செல்லுக்குப் பிழைப்பு. இறுகப் பற்றிக்கொள்ளும் செல் பெரும்பாலும் உட்பகுதியில் கொல்லப்படும், நாளை அது சொந்த உடலையே தாக்கும் என்பதால். தப்பித்த செல் அனுபவமற்றதாக வெளியேறி, நிணநீர்க் கணுக்களில் சுற்றி, தனக்குரிய கிருமியை முதன்முறை சந்தித்த பிறகு பல நாட்கள் பெருகித்தான் போருக்கு ஆயத்தமாகும்.

மெய்ட் செல்லை எபிதீலியச் செல்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 2013-இல் பாரிசில் நடந்த ஆய்வு, தேர்ந்தெடுப்பது அதன் உடன்பிறப்புகள் என்று காட்டியது: அதே நிலையில், அதே மூன்று நான்கு நாள் ஆயுளோடு, பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் மற்ற இளம் டி செல்கள். அவை ஏந்துவதும் எச்எல்ஏ அல்ல. எம்ஆர்1 என்ற தனி மூலக்கூறு. எச்எல்ஏ ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதனால்தான் சிறுநீரகம் மாற்ற வேண்டுமென்றால் பொருத்தம் பார்க்கிறோம். எம்ஆர்1 ஏறத்தாழ எல்லா மனிதரிடமும் ஒன்றே.

உடன்பிறப்பின் கையால் தேர்வாகும் செல்லுக்குள் பிஎல்இசட்எஃப் என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் கிளம்புகிறது. அந்தப் புரதம் வந்துவிட்டால் செல்லின் குணமே மாறிவிடும். வழக்கமான டி செல், நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று. கதிர் விடுவது வயலில்தான். மெய்ட் செல்லோ நாற்றங்காலிலேயே கதிர் கட்டத் தொடங்கிவிடுகிறது. வெளியே வரும்போதே அதற்கு எந்த சைட்டோகைனை, அதாவது செல்களுக்கு இடையே செய்தி சொல்லும் எந்தப் புரதத்தைச் சுரக்க வேண்டும், எந்த உறுப்புக்குப் போக வேண்டும் என்பது ஓரளவு தெரிந்திருக்கும்.

இந்த வழியில் மெய்ட் செல் தனியாக இல்லை. தைமஸிலிருந்து வெளிவரும் வழக்கத்துக்கு மாறான டி செல்களில் இன்னும் இரண்டு குடும்பங்களையாவது சொல்லியாக வேண்டும். ஒன்று என்கேடி செல். இதுவும் உடன்பிறப்புகளால் தேர்வாவது, பிஎல்இசட்எஃப் உள்ளது; ஆனால் தேடுவது கொழுப்புப் பொருளை, பார்க்கும் மூலக்கூறு சிடி1டி. அதைத் தூண்டும் வேதிப்பொருள் முதலில் கிடைத்தது ஜப்பானின் ஒக்கினாவா கடலில் எடுத்த கடற்பஞ்சிலிருந்து என்பது அறிவியலின் அழகான தற்செயல்களில் ஒன்று. மற்றொன்று காமா-டெல்டா செல். இதற்கு ஆல்பா-பீட்டா ஏற்பியே கிடையாது. எலிக்கருவின் தைமஸில் இவை அலை அலையாகப் பிறக்கின்றன. முதல் அலையில் வருபவை நேரே தோலுக்குப் போய்க் குடியேறி, ஆயுள் முழுக்க அங்கேயே இருந்து பெருகிக்கொள்கின்றன. வளர்ந்த எலியின் தைமஸால் அந்த முதல் அலைச் செல்லை மறுபடி உருவாக்க முடியாது. காலம் தவறினால் வாய்ப்பு போயிற்று. இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மெய்ட் செல்லிலும் இது வரும்.

மெய்ட் செல்லை மனிதர் கண்டுகொண்டது சிறுகச் சிறுகத்தான். 1993-இல் பாஸ்டனில் ஸ்டீவன் போர்செல்லியும் சகாக்களும் மனித இரத்தத்தில் அபூர்வமான டி செல்களின் ஏற்பிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, ஒரே ஆல்பா சங்கிலி வெவ்வேறு ஆட்களிடம் திரும்பத் திரும்ப வந்தது. 1999-இல் பாரிசில் ஒலிவியே லான்ட்ஸ் குழு அதை ஒரு தனிச் செல் வகை என்று நிறுவியது. 2003-இல் அதே குழு, அந்தச் செல்லைத் தேர்வது எம்ஆர்1 என்றும், குடலின் சளிச்சவ்வில் அது நிறைய இருக்கிறது என்றும், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் அதைக் காணவே காணோம் என்றும் காட்டியது. செல் தெரியும், அதைத் தேரும் மூலக்கூறு தெரியும். அந்த மூலக்கூறு கையில் என்ன வைத்திருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

விடை கிடைத்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மெல்பர்னில் லார்ஸ் கியர்-நீல்சன், ஜேம்ஸ் மெக்ளஸ்கி, ஜேமி ரோஸ்ஜான் ஆகியோரின் கூட்டுக்குழு ஆய்வகத்தில் எம்ஆர்1-ஐச் செய்ய முயன்றது. பாக்டீரியாவில் புரதத்தை உற்பத்தி செய்து, பிரித்தெடுத்து, சரியான வடிவத்தில் மடியவைக்க வேண்டும். ஆனால் எம்ஆர்1 சரியாக மடிய மறுத்தது. இத்தகைய மூலக்கூறு, தான் ஏந்த வேண்டிய பொருள் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் நிலைகொள்ளும். அந்தப் பொருள் எது என்றே தெரியாதபோது எதைச் சேர்ப்பது? ஆர்பிஎம்ஐ என்னும் செல் வளர்ப்பு நீர்மத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்த நோயெதிர்ப்பு ஆய்வகத்தின் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாலும் புட்டி புட்டியாக இருக்கும் சிவப்பு நீர்மம் அது. எம்ஆர்1 மடிந்தது. நீர்மத்தில் உள்ள எதையோ அது பிடித்துக்கொண்டிருக்கிறது! பிரித்துப் பார்த்தால், அது ஃபோலிக் அமிலம், அதாவது வைட்டமின் பி9, ஒளி பட்டுச் சிதைந்ததால் உண்டான துணுக்கு. அது மெய்ட் செல்லைத் தூண்டவில்லை. ஆனால் வைட்டமின் குடும்பத்தைத் தேடு என்று திசை காட்டிவிட்டது. அடுத்ததாக சால்மோனெல்லா வளர்ந்த நீர்மத்தைச் சேர்த்தபோது, எம்ஆர்1 பிடித்துக்கொண்ட பொருள் மெய்ட் செல்லை எழுப்பியது. ரிபோஃப்ளேவின் தயாரிப்புப் பாதையைச் சேர்ந்த பொருள் அது. 2012-இல் நேச்சர் இதழில் இது வெளியானது.

2014-இல் அந்தப் பொருளின் முழு உருவமும் தெரிந்தது. பாக்டீரியா ரிபோஃப்ளேவினைச் செய்யும் வழியில் நடுவே 5-ஏ-ஆர்யூ என்ற இடைப்பொருள் உண்டாகிறது. எல்லாச் செல்களிலும் சர்க்கரை சிதையும்போது கழிவாக வரும் மெதில்கிளையாக்சல் அதோடு சேர்ந்தால் 5-ஓபி-ஆர்யூ. எந்த நொதியும் இதைச் சேர்ப்பதில்லை, தானாகச் சேர்கிறது. நீரில் சில மணி நேரத்தில் தானாகச் சிதைந்தும் போகிறது. எம்ஆர்1-இன் பள்ளத்தில் ஒரு லைசின் அதை வேதிப் பிணைப்பால் கட்டிப் பிடித்தால் மட்டும் நிலைக்கும். தைமஸில் தற்செயலாக அமைந்த அந்த டைரோசின் வந்து தொடுவது இந்தப் பொருளைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மெய்ட் செல் அறிவது தயாரிப்பின் இடைப்பொருளை. முடிவில் கிடைக்கும் ரிபோஃப்ளேவினை அல்ல. பி2 மாத்திரை விழுங்கினால் மெய்ட் செல் பெருகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பொருள் கையில் கிடைத்ததும் கருவியும் கிடைத்தது. நான்கு எம்ஆர்1 மூலக்கூறுகளை ஒன்றாகக் கட்டி, பள்ளத்தில் 5-ஓபி-ஆர்யூவை ஏற்றி, ஒளிரும் சாயத்தை இணைத்துச் செல்களோடு கலந்தால், கோடிக்கணக்கான செல்களுக்கு நடுவில் மெய்ட் செல்கள் மட்டும் ஒளிரும். டேல் காட்ஃப்ரி குழு இதைக் கொண்டு எலியின் தைமஸையும் மனிதத் தைமஸையும் துழாவி, வளர்ச்சியின் மூன்று படிகளை 2016-இல் வரிசைப்படுத்தியது. முதல் படியில் அப்போதுதான் தேர்வான குழந்தைச் செல். இரண்டாம் படியில் இளமை அடையாளங்களைக் களைந்தது. மூன்றாம் படியில் பிஎல்இசட்எஃப் நிறைந்து, வேலைக்கு ஆயத்தமானது. எலியில் மூன்றாம் படி தைமஸுக்குள்ளேயே பெருமளவு முடிகிறது. அங்கேயே இரு கிளைகளாகவும் பிரிகிறது, ஒன்று இன்டர்ஃபெரான் காமா சுரப்பது, மற்றொன்று இன்டர்லூகின்-17 சுரப்பது. மனிதரில் மூன்றாம் படியை எட்டிய செல்கள் தைமஸில் மிகச் சிலவே; மீதி முதிர்ச்சி வெளியே வந்த பிறகுதான்.

அதே ஆய்வில் கிருமியற்ற எலிகளையும் பார்த்தார்கள். அவற்றின் தைமஸில் முதிர்ந்த மெய்ட் செல்கள் மிக அரிது. இங்கேதான் உண்மையான புதிர். பாக்டீரியா இருப்பது குடலில். தைமஸ் இருப்பது மார்புக்குள். குடல் பாக்டீரியா இல்லாத குறை எப்படித் தைமஸில் தெரிகிறது?

2019-இல் பாரிசின் கியூரி நிறுவனத்திலிருந்து ஃபிரான்சுவா லெகூவும் லான்ட்ஸும் விடை தந்தார்கள். 5-ஓபி-ஆர்யூ பயணம் செய்கிறது. சளிச்சவ்வில் இட்ட பொருள் விரைவிலேயே தைமஸை அடைந்து, அங்குள்ள செல்களின் எம்ஆர்1-இல் ஏறி உட்கார்ந்தது. மெய்ட் செல்கள் பெருகி முதிர்ந்தன. பாக்டீரியா தைமஸுக்குள் வரவில்லை. அது தன் சமையலுக்கு நடுவே கசியவிட்ட ஒரு சிறு மூலக்கூறு மட்டும், சில மணி நேரமே தாங்கும் ஒரு மூலக்கூறு, அவ்வளவு தூரம் வந்து ஒரு டி செல்லின் வாழ்வைத் தீர்மானித்தது.

இந்தக் கண்டுபிடிப்பை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். தைமஸைப் பற்றி அரை நூற்றாண்டாக நாம் படித்தது என்ன? அது உடலின் சொந்தப் பொருள்களை மட்டும் செல்களுக்குக் காட்டும் இடம். வெளியார் வாடை படாத இடம். எது சொந்தம் என்று அங்கே பிரித்துக் கற்ற பிறகே செல் வெளியே வரும். மெய்ட் செல் விஷயத்தில் அது அப்படி இல்லை. பாக்டீரியா செய்த பொருளே அங்கே வந்து தேர்வை நடத்துகிறது. அதை இறுகப் பற்றும் செல் கொல்லப்படுவதும் இல்லை, வளர்க்கப்படுகிறது. நம் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வெறும் விருந்தாளிகள் என்றால் இது நடக்காது. நோயெதிர்ப்பின் மூல உறுப்பிலேயே அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது உடல்.

அதே 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் யாஸ்மின் பெல்கெய்டின் குழு இதற்குக் காலக்கெடு உண்டு என்று காட்டியது. கிருமியற்ற எலிக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் ரிபோஃப்ளேவின் செய்யும் பாக்டீரியா கிடைத்தால் தோலில் மெய்ட் செல்கள் நிலைபெற்றன. வளர்ந்த பிறகு அதே பாக்டீரியாவைக் கொடுத்தபோது இழந்தது திரும்பவில்லை. காமா-டெல்டா செல்லின் முதல் அலையைப் போல இதற்கும் காலம் உண்டு.

தைமஸை விட்டுக் கிளம்பும் மனித மெய்ட் செல்லோடு சேர்ந்து நாமும் கிளம்புவோம். தொப்புள்கொடி இரத்தத்தில் இவை மிகக் குறைவு. ஆனாலும் கரு வயிற்றில் இருக்கும்போதே, இரண்டாம் மும்மாதத்திலேயே, குடலிலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் சில வந்து சேர்ந்துவிட்டிருக்கின்றன. குழந்தை பிறந்து, பால் குடித்து, தவழ்ந்து, மண்ணைத் தொட்டு வாயில் வைத்து வளர வளர, இரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. இளமையில் உச்சம், முதுமையில் இறக்கம்.

கல்லீரலில் இவை திரள்வதற்கு உடற்கூறே காரணம் சொல்கிறது. குடலிலிருந்து உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதி கல்லீரல் வாயில் நாளத்தின் வழியே முதலில் அங்கேதான் வருகிறது. குடல் பாக்டீரியாவின் கசிவும் அதில் சேர்த்தி. கல்லீரலுக்கு வழிகாட்டும் ஏற்பிகளை மெய்ட் செல் தன் மேல் சுமந்துகொண்டே வெளியேறுகிறது.

தடயம் கிடைத்துவிட்டால் இது காத்திருப்பதில்லை. சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப், இன்டர்லூகின்-17 என்று சுரக்கும். தொற்றிய செல்லைத் துளைத்துக் கொல்லும். சால்மோனெல்லாவும் ஈ.கோலியும் ரிபோஃப்ளேவின் செய்பவை, ஆகவே மாட்டிக்கொள்ளும். காசநோய்க் கிருமியும் அப்படியே. காசநோய் முற்றியவர்களின் இரத்தத்தில் மெய்ட் செல்கள் குறைந்துபோவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனெஸுக்கு அந்தத் தயாரிப்புப் பாதையே இல்லை, அதனால் இந்த வழியில் தப்பித்துவிடும். வைரஸுக்கும் வைட்டமின் செய்யத் தெரியாது. ஆனால் வைரஸ் தாக்கிய இடத்தில் சுரக்கும் இன்டர்லூகின்-18 போன்ற அழைப்புகளுக்கு மெய்ட் செல் ஏற்பியின் உதவி இல்லாமலே ஓடி வரும்.

கொல்வது மட்டும் அதன் வேலை அல்ல. பெல்கெய்ட் குழுவின் எலிகளில், தோலில் காயம் ஆறுவதை மெய்ட் செல்கள் விரைவுபடுத்தின. புண்ணைச் சுற்றிலும் பாக்டீரியா எப்போதும் இருக்கத்தான் செய்யும். அவற்றின் தடயத்தை இந்தச் செல் சண்டைக்கான அழைப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, தோலைச் செப்பனிடும் அழைப்பாகவும் எடுத்துக்கொள்கிறது. எல்லா இடத்திலும் இது நல்லதே செய்யும் என்றும் சொல்லிவிட முடியாது. உடல் பருமன் உள்ளவர்களிடம் இரத்தத்தில் இவை குறைந்து, எஞ்சியவை இன்டர்லூகின்-17-ஐ அதிகம் சுரந்து வீக்கத்தை வளர்ப்பது தெரிந்திருக்கிறது. சில எலிச் சோதனைகளில் புற்றுக்கட்டிக்கே உதவியிருக்கிறது.

இந்தச் செல் இல்லாமல் ஒரு மனிதர் வாழ முடியுமா? 2020-இல் அப்படி ஒருவரைப் பற்றி ஆய்விதழில் எழுதினார்கள். எம்ஆர்1 மரபணுவில், தாய்வழி வந்ததிலும் தந்தைவழி வந்ததிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. எம்ஆர்1-ஆல் 5-ஓபி-ஆர்யூவைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே தைமஸில் தேர்வு இல்லை. ஆகவே உடலில் மெய்ட் செல் இல்லை. அவர் உயிரோடு இருந்தார். ஆனால் மருக்களும் வேறு தொற்றுகளும் அவரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தின. ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது சரி. ஆனாலும் இந்தச் செல் வளர எம்ஆர்1-உம் பாக்டீரியாவின் பொருளும் கூடியே தீர வேண்டும் என்பதற்கு மனித உடலிலிருந்தே கிடைத்த சான்று அது.

பிறந்த சில வாரங்கள் என்ற அந்தக் காலக்கெடு எலியில் நிரூபணமானது; மனிதக் குழந்தையில் அதே கெடு அப்படியே பொருந்துகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்தது முதல் குழந்தையின் குடலில் பாக்டீரியா குடியேறுவதும், மெய்ட் செல் பெருகுவதும் ஒரே காலத்தில்தான் நடக்கின்றன. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் பழைய மருந்துச் சீட்டைக் கடையில் நீட்டி ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிவரும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, குடலில் குடியேறிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் அழிக்கும். குழந்தையைப் பார்த்து மருத்துவர் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் தயங்காமல், சொன்ன நாள்வரை முழுவதும் கொடுங்கள்; பச்சிளம் குழந்தைக்கு வரும் பாக்டீரியத் தொற்று உயிரைப் பறிக்கக்கூடியது. அவர் எழுதிக்கொடுக்காமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.